மூட்டு வலியும் ரத்தத்தில் எழுதிய கணக்கும்

(நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். அன்று வர முடியாதவர்கள் கேட்டதால் செய்திமடலுக்காக எழுதிக் கொடுத்திருக்கிறேன்.)



தலைவர் என்னைப் பேசச் சொன்னபோது பராமரிப்புக் கட்டணம், ஜெனரேட்டர் டீசல், லிப்ட் ஒப்பந்தம் என்று எதையாவது எடுத்துக்கொள்வேன் என்று நினைத்திருப்பார். நான் பி.காம். படித்து, வங்கியில் குமாஸ்தாவாகச் சேர்ந்து, குமாஸ்தாவாகவே ஓய்வு பெற்றவன். மருத்துவம் படித்தவன் அல்ல. அப்படியிருக்க மூட்டு வலியைப் பற்றிப் பேசக் காரணம் நீங்கள்தான். கீழே கூடத்தில் நடந்த அந்த உடல்நல முகாமுக்குப் பிறகு, உங்களில் பதினோரு பேர் என் வீட்டுக் கதவைத் தட்டி ஒரே மாதிரியான காகிதத்தைக் காட்டினீர்கள். "சார், நீங்கள் கணக்குப் பார்த்தவர்தானே, இதில் எது கூடினால் நல்லது, எது குறைந்தால் நல்லது?" என்று கேட்டீர்கள்.

முகாம் நடத்தியவர்கள் யார் என்பது இங்கே வேண்டாம். மூட்டு வலி உள்ளவர்களுக்கு "ஆக்சிடேட்டிவ் ஸ்ட்ரெஸ்" பரிசோதனை என்று ரத்தம் எடுத்தார்கள். நாலாயிரத்துச் சொச்சம் ரூபாய். முடிவு வந்தபோது பெரும்பாலானோருக்குச் சிவப்பு மையில் ஓர் அம்புக்குறி. அந்த அம்புக்குறிக்கு மருந்தாக மூன்று மாதத்துக்கான மாத்திரை டப்பா ஒன்று, அதற்குத் தனி விலை. ஓய்வூதியத்தில் வாழ்கிறவர்களுக்கு இது சின்னத் தொகை இல்லை. பணம்கூடப் பரவாயில்லை; அந்தக் காகிதத்தைப் பார்த்து நம்மில் சிலர் செய்த வேறு இரண்டு காரியங்கள்தான் எனக்குக் கவலை தந்தன. அவற்றைப் பின்னால் சொல்கிறேன்.

முதலில் காகிதத்தில் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். இது முழுப் பொய் அல்ல. இதற்குப் பின்னால் உண்மையான விஞ்ஞானம் இருக்கிறது. அதனால்தான் இதைப் புரிந்துகொள்வது அவசியம்.

நாம் குடியிருப்பது தவளக்குப்பம். நல்லவாடு கடல் பக்கத்திலேயே. கடலூர் சாலைக்குக் கிழக்கே வீடு வாங்கிய எவருக்கும் துருவைப் பற்றிப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. பால்கனி கிரில், மொட்டைமாடிக் கதவு, ஏ.சி. வெளிப்பெட்டி எல்லாவற்றையும் உப்புக்காற்று தின்கிறது. இரும்பு ஆக்சிஜனோடும் ஈரத்தோடும் சேர்ந்தால் துரு. உப்பு அதை விரைவுபடுத்தும். நம் உடம்பிலும் இதற்கு உறவான ஒன்று நடக்கிறது. சாப்பிட்ட சோற்றை ஆக்சிஜன் கொண்டு எரித்துத்தான் நாம் உயிர் வாழ்கிறோம். அடுப்பு எரியும்போது பொறி பறப்பதைப் போல, அந்த எரிப்பில் சில முரட்டு மூலக்கூறுகள் சிதறுகின்றன. ஃப்ரீ ராடிகல் என்பது இவற்றில் ஒரு வகை. அவை பக்கத்தில் இருக்கும் கொழுப்பு, புரதம், மரபணு எதுவானாலும் மோதிக் கெடுக்கும். வயதாவதற்கே இவைதான் காரணம் என்று டென்ஹாம் ஹார்மன் என்ற அமெரிக்கர் 1956-ல் ஒரு கொள்கை எழுதினார்.

ஆனால் இவற்றை முழு வில்லனாக நினைக்க வேண்டாம். நம் ரத்த வெள்ளையணுக்கள் கிருமியைக் கொல்வதே இவற்றை வீசித்தான். அளவோடு இருக்கும்வரை உடம்புக்கு இவை வேண்டும்.

துருவுக்கு நாம் பெயின்ட் அடிப்பதுபோல உடம்பும் தனக்கென்று ஆள் வைத்திருக்கிறது. அதில் முக்கியமான ஒன்றை 1969-ல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் ஜோ மெக்கார்ட், இர்வின் ஃப்ரிடோவிச் என்ற இருவர் கண்டுபிடித்தார்கள். அதன் பெயர் சூப்பர்ஆக்சைடு டிஸ்மியூட்டேஸ். உங்கள் காகிதத்தில் எஸ்.ஓ.டி. என்று போட்டிருப்பது இதுதான். இது தவிர கேட்டலேஸ், குளுட்டாதையோன் என்று இன்னும் சிலர் உண்டு. சிதறும் பொறி அதிகமாகி, அணைக்கும் ஆள் குறைந்துபோன நிலைக்குப் பெயர்தான் ஆக்சிடேட்டிவ் ஸ்ட்ரெஸ். தமிழில் ஆக்சிஜனேற்ற அழுத்தம் என்கிறார்கள். மனஅழுத்தத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஒருவர் "மருமகள் வந்த பிறகுதான் சார் எனக்கு ஸ்ட்ரெஸ் கூடியிருக்கு" என்றார். அது வேறு கணக்கு.

காகிதத்தின் முதல் வரியில் எம்.டி.ஏ. என்று இருக்கிறதே, அது மாலோன்டைஆல்டிஹைடு. பெயர்தான் பெரிது, விஷயம் நம் சமையலறையில் இருக்கிறது. நல்லெண்ணெயைத் திறந்து வெகுநாள் வைத்தால் சிக்கு வாடை அடிக்கிறதல்லவா? கொழுப்பு ஆக்சிஜனோடு சேர்ந்து கெட்டுப்போனதன் அடையாளம் அது. அப்படிக் கெடும்போது உண்டாகும் பொருள்களில் ஒன்று இந்த எம்.டி.ஏ. நம் உடம்பின் செல்களைச் சுற்றியுள்ள கொழுப்புச் சுவர் கெட்டாலும் இதே பொருள் வரும். தயோபார்பிட்யூரிக் அமிலம் என்ற ஒன்றோடு சேர்த்துச் சூடுபடுத்தினால் இளஞ்சிவப்பு நிறம் வரும். நிறம் எவ்வளவு அடர்த்தி என்று கருவி அளக்கும். உணவுத் துறையில் எண்ணெயும் இறைச்சியும் கெட்டுவிட்டதா என்று பார்க்கவும் இதே சோதனைதான். நம் ரத்தம் எவ்வளவு சிக்கு பிடித்திருக்கிறது என்று பார்க்கும் சோதனை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது முட்டிக்கு வருவோம். முட்டியில் இரண்டு எலும்பும் சேரும் இடத்தில் வழுவழுப்பான உறை இருக்கிறது. அதுதான் குருத்தெலும்பு. நாம் "ஜவ்வு தேய்ந்துபோச்சு" என்று சொல்வது இதைத்தான். இதற்கு ரத்தக் குழாய் கிடையாது. நரம்பும் கிடையாது. நடக்கும்போது அழுந்தி, காலைத் தூக்கும்போது விரியும் ஸ்பாஞ்சைப்போல, மூட்டுத் திரவத்திலிருந்துதான் அது தனக்கு வேண்டிய சத்தை உறிஞ்சிக்கொள்கிறது. இந்த ஒரு வரியை மனதில் வையுங்கள், பின்னால் வேலை இருக்கிறது. அதற்குள் இருக்கும் செல்கள் மிகக் குறைவு. ஒரு மேனேஜர், இரண்டு ஊழியர் மட்டும் உள்ள கிராமக் கிளை மாதிரி. ஓய்வு பெற்றுப் போனால் மாற்று ஆள் வருவது அபூர்வம். அந்தச் செல்கள் களைத்துப்போய், கட்டுமானத்தைக் கரைக்கும் நொதிகளைச் சுரக்க ஆரம்பித்தால் உறை மெலிகிறது. இதில் ஃப்ரீ ராடிகலுக்குப் பங்கு உண்டு. எஸ்.ஓ.டி.யைக் கண்டுபிடித்த அதே மெக்கார்ட் 1974-ல் 'சயின்ஸ்' இதழில் ஒரு கட்டுரை எழுதினார். மூட்டுத் திரவத்தின் வழுவழுப்பை ஃப்ரீ ராடிகல் கெடுத்துவிடுகிறது, எஸ்.ஓ.டி. சேர்த்தால் காப்பாற்றப்படுகிறது என்று சோதனைக் குழாயில் காட்டினார். ஐம்பது வருடமாக இந்தத் துறையை நகர்த்திக்கொண்டிருக்கும் கேள்வி அங்கேதான் தொடங்கியது.

நம் நாட்டிலும் இதைப் பார்த்திருக்கிறார்கள். 2007-ல் 'இண்டியன் ஜர்னல் ஆஃப் மெடிக்கல் சயின்சஸ்' இதழில் சுரபனேனி, வெங்கடரமணா என்ற இருவர் எழுதிய கட்டுரை ஒன்று இருக்கிறது. மூட்டுத் தேய்மானம் உள்ளவர்களின் ரத்தத்தையும் ஆரோக்கியமானவர்களின் ரத்தத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். நோயாளிகளிடம் எம்.டி.ஏ. கூடியிருந்தது. குளுட்டாதையோன், வைட்டமின் சி, வைட்டமின் ஈ, கேட்டலேஸ் குறைந்திருந்தன. இதுவரை நம் கணக்கு டேலி ஆகிறது: கெட்டது கூடுகிறது, நல்லது குறைகிறது. ஆனால் அதே கட்டுரையில் எஸ்.ஓ.டி. கூடியிருந்தது! தீயணைப்பு வண்டியின் எண்ணிக்கை கூடியிருக்கிறது. தீ பெரிதாக இருப்பதால் உடம்பு கூடுதல் வண்டி அனுப்புகிறது என்பது ஒரு விளக்கம். 2010-ல் இங்கிலாந்தில் அறுவை சிகிச்சையில் எடுத்த குருத்தெலும்பையே நேரடியாகச் சோதித்தார்கள். அங்கே எஸ்.ஓ.டி. குறைந்திருந்தது.

அப்படியானால் உங்கள் காகிதத்தில் எஸ்.ஓ.டி. அதிகம் என்று வந்தால் மகிழ்வதா, வருந்துவதா? குறைவு என்று வந்தால்? இரண்டுக்கும் சிவப்பு அம்பு போடலாம். எதைப் போட்டாலும் ஒரு கதை சொல்லி மாத்திரை விற்கலாம். என்னுடைய முதல் ஆட்சேபணை இதுதான்.

இரண்டாவது ஆட்சேபணை வங்கிக்காரனுக்கு உடனே தோன்றுவது. தலைமையகம் வெளியிடும் மொத்த இருப்புநிலைக் குறிப்பைப் பார்த்துவிட்டு ஒரு குறிப்பிட்ட கிளையின் கல்லாவில் எவ்வளவு குறைகிறது என்று சொல்ல முடியுமா? கையில் எடுத்த ரத்தம் மொத்த உடம்பின் கணக்கு. அதில் ஈரல் இருக்கிறது, நுரையீரல் இருக்கிறது, சர்க்கரை இருக்கிறது. சர்க்கரை நோய் இருந்தால் எம்.டி.ஏ. கூடும். புகை பிடித்தால் கூடும். உடல் பருமனிலும் கூடும். எடுத்த ரத்தத்தில் சிவப்பணுக்கள் உடைந்துபோனாலோ, குளிர்பதனம் இல்லாமல் நேரம் கடந்தாலோ அளவு மாறிவிடும். அன்று எடுத்த ரத்தக் குப்பிகள் மதியம் வரை கூடத்து மேஜையில் இருந்ததை நானே பார்த்தேன். அந்த இளஞ்சிவப்பு நிறச் சோதனையே எம்.டி.ஏ.வை மட்டும் பிடிப்பதில்லை. வேறு சில பொருள்களும் அதே நிறம் கொடுக்கும். ஆய்வகத்துக்கு ஆய்வகம் முறை வேறு என்பதால் சர்க்கரைக்கு இருப்பதுபோல எல்லோரும் ஒப்புக்கொண்ட இயல்பு அளவும் இதற்குக் கிடையாது. நம் அறுபது, எழுபது வயதுக் கூட்டத்தில் சர்க்கரையோ எடையோ இல்லாதவர் எத்தனை பேர்? முட்டியே இல்லாமல் இந்தச் சோதனையை எடுத்தாலும் பாதிப் பேருக்குச் சிவப்பு அம்பு வரும் என்பது என் கணிப்பு.

மூன்றாவது, நோயால் இது கூடியதா, இது கூடியதால் நோயா? ஒரே நாளில் எடுத்த ரத்தத்தில் இதற்குப் பதில் இல்லை. வலியால் நடமாட்டம் குறைகிறது, எடை கூடுகிறது, சர்க்கரை ஏறுகிறது, எம்.டி.ஏ. ஏறுகிறது. அப்படியும் இருக்கலாமே.

ஆராய்ச்சியாளர்களுக்கு இந்த அளவீடுகள் வேண்டும். நூறு பேர் குழுவையும் இன்னொரு நூறு பேர் குழுவையும் ஒப்பிடும்போது சராசரியில் வித்தியாசம் தெரியும். அதிலிருந்து நோய் எப்படி வேலை செய்கிறது என்று கற்றுக்கொள்கிறார்கள். அந்தச் சராசரியை எடுத்து வந்து, தனி ஒருவருடைய முட்டிக்கு மருந்து எழுதுவதுதான் தவறு. மூட்டுத் தேய்மானத்தைக் கண்டுபிடிக்க மருத்துவர் இன்றும் நம்புவது கையால் தொட்டுப் பார்ப்பது, நாம் சொல்லும் வரலாறு, தேவைப்பட்டால் எக்ஸ்ரே. 0 முதல் 4 வரை நிலை சொல்லுகிறார்களே, அந்த முறையை கெல்கிரன், லாரன்ஸ் என்ற இருவர் 1957-ல் வகுத்தார்கள். இன்னும் அதுதான் நடப்பு. ரத்தப் பரிசோதனை எழுதினால் அது முடக்குவாதம் போன்ற வேறு மூட்டு நோய் இல்லை என்று உறுதி செய்துகொள்வதற்காகவே பெரும்பாலும்.

சரி, மாத்திரை சாப்பிட்டால் நஷ்டமில்லையே, சத்துதானே என்று கேட்டீர்கள். டப்பாவின் பின்பக்கம் எழுதியிருந்ததை பூதக்கண்ணாடி வைத்துப் படித்தேன். வைட்டமின் சி, ஈ, பீட்டா கரோட்டின், மஞ்சள் சாறு, மிளகுச் சாறு, குளுக்கோசமைன், கூடவே எஸ்.ஓ.டி.

வைட்டமின் ஈ-யை மூட்டு வலிக்காரர்களுக்குக் கொடுத்து ஆஸ்திரேலியாவில் முறையாகச் சோதித்தார்கள். இரண்டு ஆண்டு கொடுத்துக் குருத்தெலும்பின் அளவை ஸ்கேனில் பார்த்தார்கள். வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும் இவர்களுக்கும் வித்தியாசம் இல்லை என்று 2002-ல் எழுதினார்கள். வைட்டமின் சி கதை இன்னும் சுவையானது. அமெரிக்காவில் ஃபிரேமிங்ஹாம் என்ற ஊரில், உணவில் வைட்டமின் சி அதிகம் சேர்ப்பவர்களுக்கு மூட்டுத் தேய்மானம் வளர்வது குறைவு என்று 1996-ல் கண்டார்கள். உடனே மருந்துக் கடைகளுக்குக் கொண்டாட்டம். 2004-ல் கினிப் பன்றிகளுக்கு மாதக் கணக்கில் அதிக அளவு வைட்டமின் சி கொடுத்துப் பார்த்தார்கள். மூட்டு மோசமானது. நெல்லிக்காயும் கொய்யாவும் சாப்பிடுவது வேறு, மாத்திரையாகக் குவிப்பது வேறு என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன்.

பீட்டா கரோட்டின் விஷயம் சிரிப்பதற்கில்லை. பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரை வைத்து ஒரு பெரிய ஆய்வு நடந்தது. புற்றுநோயைத் தடுக்கும் என்று நம்பித்தான் கொடுத்தார்கள். 1994-ல் முடிவு வந்தபோது, பீட்டா கரோட்டின் சாப்பிட்டவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் அதிகம். நம் வளாகத்திலும் மொட்டைமாடிக்குப் போய்ப் புகை விடுகிறவர்கள் இருக்கிறீர்கள். உங்கள் டப்பாவில் இது இருக்கிறதா என்று இன்றே பாருங்கள்.

எஸ்.ஓ.டி. ஒரு புரதம். வாயால் விழுங்கினால் பருப்பைப் போல வயிற்றில் செரித்துவிடும். அந்தக் காலத்தில் மாட்டிலிருந்து பிரித்தெடுத்த எஸ்.ஓ.டி.யை 'ஆர்கோடீன்' என்ற பெயரில் நேராக முட்டிக்குள்ளேயே ஊசியாகப் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். ஒவ்வாமைத் தொல்லையால் அது நிலைக்கவில்லை.

குளுக்கோசமைன் நம்மில் பலர் வருடக்கணக்காகச் சாப்பிடுவது. அமெரிக்க அரசின் பணத்தில் 1,583 பேரை வைத்து 24 வாரம் சோதித்து 2006-ல் வெளியிட்டார்கள். குளுக்கோசமைனும் காண்ட்ராய்ட்டினும் சேர்த்துச் சாப்பிட்டவர்களில் 66.6 சதவீதம் பேருக்கு வலி குறிப்பிட்ட அளவு குறைந்தது. நல்ல செய்திதானே? ஒன்றுமே இல்லாத வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களில் 60.1 சதவீதம் பேருக்கும் அதே அளவு குறைந்தது. "எனக்குச் சாப்பிட்டதும் கேட்டது சார்" என்று நீங்கள் சொல்லும்போது நான் அதை மறுக்கவில்லை. நூற்றில் அறுபது பேருக்கு வெறும் மாவே கேட்கிறது. மூட்டு வலி ஏறி இறங்கும் தன்மையுள்ளது. அதிகமாக வலிக்கும்போதுதான் நாம் மருந்து தேடிப் போவோம். அது தானாக இறங்கும் நேரத்தில் மருந்துக்குப் பெயர் கிடைக்கும்.

மஞ்சளுக்கு நான் கொஞ்சம் மரியாதை கொடுப்பேன். அதற்கு ஆதாரம் உண்டு. தாய்லாந்தில் 367 பேருக்கு நான்கு வாரம் மஞ்சள் சாறு தினம் 1,500 மில்லிகிராம் கொடுத்தபோது, ஐபுப்ரோஃபென் வலி மாத்திரைக்கு ஏறக்குறைய சமமாக வேலை செய்தது. வயிற்று உபத்திரவம் குறைவு. இது 2014-ல் வந்தது. ஈரானில் 40 பேரிடம் மிளகின் சத்தோடு குர்குமின் கொடுத்து ஆறு வாரம் பார்த்ததில், நம் காகிதத்தில் உள்ள அதே எம்.டி.ஏ. குறைந்தது, எஸ்.ஓ.டி. கூடியது. சின்ன ஆய்வு, ஆனாலும் நேர்மையான ஆய்வு. ஆனால் சாம்பாரில் போடும் மஞ்சளால் இது வராது. மஞ்சள் தூளில் குர்குமின் சுமார் 3 சதவீதம்தான். 1,500 மில்லிகிராம் குர்குமின் வேண்டுமென்றால் தினம் 50 கிராம் மஞ்சள் தூள் தின்ன வேண்டும். செறிவூட்டிய மாத்திரை அப்போது உணவு அல்ல, மருந்து. மருந்துக்கு உண்டான தொல்லைகளும் உண்டு. ஈரல் பாதித்ததாகப் பல நாடுகளில் பதிவாகியிருக்கிறது. மிளகின் சத்து மற்ற மருந்துகள் ரத்தத்தில் சேரும் அளவையும் கூட்டிவிடக்கூடியது.

முன்பு சொன்ன இரண்டு காரியங்களுக்கு வருகிறேன்.

சி பிளாக் அம்மா ஒருவர், பெயர் வேண்டாம், அவரிடம் அனுமதி வாங்கித்தான் சொல்கிறேன். இதய வால்வு மாற்றியவர். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறார். அதற்கு மாதாமாதம் ரத்தம் பார்த்து அளவு மாற்றுவார்கள். மஞ்சள் சாறு, குளுக்கோசமைன், வைட்டமின் ஈ மூன்றுமே அந்த மாத்திரையோடு மோதக்கூடியவை. ரத்தக் கசிவு வரலாம். முகாமில் அவரிடம் வேறு என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. அவருடைய மகன் பில்லைக் காட்டத்தான் என்னிடம் வந்தார். "தம்பி, பில் இருக்கட்டும், முதலில் டாக்டருக்குப் போன் போடுங்க" என்றேன். டாக்டர் அன்றே நிறுத்தச் சொல்லிவிட்டார். பன்னிரண்டு நாள் சாப்பிட்டிருந்தார். கெடுதல் எதுவும் நேரவில்லை. இது ஒன்று.

இரண்டாவது, அதே அம்மாவிடமும் வேறு நாலைந்து பேரிடமும், "ஜவ்வு ஏற்கெனவே துருப்பிடித்திருக்கிறது, நடந்து மேலும் தேய்க்காதீர்கள்" என்று சொல்லியிருக்கிறார்கள். பொங்கலுக்குப் பிறகு அவர் படி இறங்கவே இல்லை. இது எனக்கு மாத்திரையைவிடப் பெரிய கேடாகத் தெரிகிறது. மனதில் வைக்கச் சொன்ன வரி இதற்குத்தான். ஸ்பாஞ்சை அழுத்தி விட்டால்தான் திரவம் உள்ளே போகும். உட்கார்ந்தே இருந்தால் அந்த உறைக்குச் சோறு கிடையாது. தொடைத் தசை இளைக்கும், பளு முழுவதும் மூட்டின்மேல் விழும்.

அமெரிக்காவில் 50 வயதுக்கு மேற்பட்ட, முட்டித் தேய்மானம் உள்ள 1,212 பேரைப் பல ஆண்டு தொடர்ந்து பார்த்து 2022-ல் எழுதினார்கள். உடற்பயிற்சியாக நடந்தவர்களுக்குப் புதிதாக அடிக்கடி வலி வரும் வாய்ப்பு நடக்காதவர்களைவிட சுமார் 40 சதவீதம் குறைவு. முட்டி நன்றாக இருப்பவர்தானே நடப்பார் என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி, நான் காகிதத்தைக் கேட்ட அதே கேள்விதான். ஆனால் பயிற்சிக்கு ஆதாரம் இது ஒன்று மட்டுமல்ல. இந்த விஷயத்தில் உலகில் எந்த வழிகாட்டுதலை எடுத்தாலும் முதலில் பயிற்சியும் எடைக் குறைப்பும்தான் இருக்கும்.

எடைக் கணக்கு எனக்குப் பிடித்தமானது. 2005-ல் மெஸ்ஸியர் என்ற ஆய்வாளர் அளந்து சொன்னது: உடம்பில் ஒரு கிலோ குறைந்தால், ஒவ்வொரு அடியிலும் முட்டிமேல் விழும் பளு நாலு கிலோ குறைகிறது. நீங்கள் ஒரு நாளைக்கு 5,000 அடி நடப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு காலுக்கு 2,500 அடி. நாலால் பெருக்கினால் 10,000 கிலோ. ஒரே ஒரு கிலோ இளைத்தால் ஒரு முட்டிக்கு ஒரு நாளில் பத்து டன் பளு மிச்சம். இப்படி வட்டி கொடுக்கும் வைப்புத்தொகையை நான் வேலை பார்த்த காலத்தில் பார்த்ததில்லை. கொழுப்புத் திசு பளு மட்டும் அல்ல. அது அழற்சியைத் தூண்டும் பொருள்களையும் சுரக்கிறது. ஆகவே இளைத்தால் அந்தச் சிவப்பு அம்பும் இறங்க வாய்ப்பு உண்டு.

நடந்தால் மூச்சு வாங்குகிறது, அப்போது ஆக்சிஜன் அதிகம் எரிகிறது, ஃப்ரீ ராடிகல் கூடாதா என்று ஏ பிளாக் பொறியாளர் கேட்டார். கூடும். அதுதான் விஷயமே. அந்தச் சின்னத் தூண்டுதலைப் பார்த்துத்தான் உடம்பு தன் எஸ்.ஓ.டி.யைக் கூட்டிக்கொள்கிறது. 2009-ல் ஜெர்மனியில் மைக்கேல் ரிஸ்டோவ் குழுவினர் இளைஞர்களுக்கு நான்கு வாரம் பயிற்சி கொடுத்தார்கள். பாதிப் பேருக்கு வைட்டமின் சி, ஈ மாத்திரையும் கொடுத்தார்கள். மாத்திரை சாப்பிட்டவர்களுக்குப் பயிற்சியின் பலன் கிடைக்காமல் போயிற்று. மாத்திரை சாப்பிடாதவர்களுடைய உடம்புதான் தன் சொந்த பெயின்டரை வேலைக்கு வைத்துக்கொண்டது.

வலி தாங்க முடியாவிட்டால்? முதலில் களிம்பு. முட்டிக்கு டைக்ளோஃபெனாக் போன்ற களிம்பைத்தான் சர்வதேச வழிகாட்டுதல்கள் முன்னால் வைக்கின்றன. அதே மருந்தை மாத்திரையாகக் கடையில் வாங்கி மாதக்கணக்கில் விழுங்குகிறவர்கள் நம்மில் இருக்கிறீர்கள். ரத்த அழுத்த மாத்திரையும் நீர் பிரியும் மாத்திரையும் சாப்பிட்டுக்கொண்டே இதையும் சேர்த்தால் சிறுநீரகத்துக்கு ஆபத்து. கோரிமேட்டில் ஜிப்மர் இருக்கிறது, பக்கத்திலேயே பிள்ளையார்குப்பத்தில் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. ஒரு நாள் வரிசையில் நின்றால் எலும்பு மருத்துவரையும் பிசியோதெரபி பிரிவையும் பார்த்துவிடலாம். அந்த நாலாயிரத்துச் சொச்சத்தில் எத்தனை முறை போய்வர ஆட்டோ வாடகை கொடுக்கலாம் என்று கணக்குப் போடுங்கள்.

முட்டி மாற்று அறுவை வரை போய்விட்டவர்களுக்கு ஒரு வார்த்தை. 2017 ஆகஸ்டில் மத்திய அரசு செயற்கை முட்டிக்கு உச்ச விலை கட்டியது; பரவலாகப் போடும் கோபால்ட் குரோமியம் வகைக்கு அன்றைய விலை 54,720 ரூபாய். பின்னர் மாறியிருக்கும் என்பதால் இன்றைய உச்ச விலையைக் கேட்டு, பில்லில் அந்த வரியைத் தனியாகப் போட்டுத்தரச் சொல்லுங்கள்.

கூட்டம் முடிந்து தேநீர் நேரத்தில் வந்த கேள்விகளில் பாதி முடக்கத்தானும் பிரண்டையும். முடக்கத்தான் தோசை எங்கள் வீட்டில் வாரம் ஒரு நாள் உண்டு. ருசிக்காகச் சாப்பிடுகிறேன், தடுக்க எனக்குக் காரணமில்லை. பிரண்டைத் துவையலும் அப்படியே. ஆனால் அதையே தூளாக்கி டப்பாவில் அடைத்து ஆயிரம் ரூபாய் என்றால் அந்தக் கடைக்காரரிடம் நான் இந்தக் கூட்டத்தில் கேட்டதையெல்லாம் கேட்பேன்: யாருக்குக் கொடுத்தார்கள், வெறும் மாத்திரையோடு ஒப்பிட்டார்களா, எத்தனை மாதம்?

காகிதத்தை என்ன செய்வது என்றும் கேட்டீர்கள். கிழிக்க வேண்டாம். அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது மற்ற மருந்துச் சீட்டுகளோடு டப்பாவையும் எடுத்துப் போய்க் காட்டுங்கள். அவருக்குத் தெரிய வேண்டியது நீங்கள் என்ன விழுங்குகிறீர்கள் என்பதுதான். டப்பாவைப் பிரிக்காதவர்கள் ஏழு பேர். பில்லோடு என்னிடம் கொடுத்தால், பணத்தைத் திருப்பிக் கேட்டுச் சங்கத்தின் பெயரில் கடிதம் எழுதித் தருவதாகச் செயலாளர் ஒப்புக்கொண்டிருக்கிறார். பிரித்தவர்களுக்கும் எழுதிப் பார்ப்போம்.

இனி கூடத்தில் முகாம் நடத்த அனுமதி கேட்பவர்கள், என்ன பரிசோதனை, என்ன கட்டணம், அன்றே ஏதாவது விற்பார்களா என்று ஒரு வாரம் முன்பே எழுதிக் கொடுக்க வேண்டும் என்றும் தீர்மானமாகியிருக்கிறது.

சி பிளாக் அம்மா திங்கள்கிழமை முதல் மருமகளோடு காலை ஆறரைக்கு இறங்குகிறார். லிப்டிலிருந்து வாட்ச்மேன் அறை வரை போய்த் திரும்புகிறார். நடுவில் உட்கார இடம் வேண்டும் என்று கேட்டதால், பழைய தண்ணீர்த் தொட்டி அருகே கிடந்த இரண்டு இரும்பு பெஞ்சுகளைத் துருவைச் சுரண்டி, பிரைமர் அடித்து வேப்பமரத்தடியில் போட்டிருக்கிறோம். மேல் கோட் அடிப்பது சனிக்கிழமை. ஞாயிறு வரை யாரும் உட்கார வேண்டாம்.